கிணற்றடியில் முறிந்த கை

கார்த்திகை மாதத்து விடியல். இரவு முழுக்க ஊற்றிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சீமெந்து பாசி பிடித்துப் பச்சையாய்க் கிடந்தது. சாமிக்கு வைக்கத் தண்ணீர் அள்ளப் போன அம்மம்மா சறுக்கி, வலது கையை ஊன்றியபடி விழுந்தார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து கை கோணிப்போய் நின்றது. அப்போது அவருக்கு வயது 61.

வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பை இழுத்துப் பொருத்தினார்கள், பிளாஸ்ரர் போட்டு அனுப்பினார்கள். ஆறு கிழமையில் கட்டும் கழன்றது. "பாசியைத் தேய்ச்சுக் கழுவுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான், ஆர் கேட்டது?" என்பது அம்மம்மாவின் தீர்ப்பு. "வயசு போனா விழுறது வழமைதானே ஆச்சி" என்பது பார்க்க வந்தவர்களின் ஆறுதல். நாங்களும் கிணற்றடியைத் தேய்த்துக் கழுவினோம். கதை அதோடு முடிந்ததென்று நினைத்தோம்.

ஒன்பது வருடங்களின் பின் ஓர் இரவு, கழிப்பறைக்குப் போக எழுந்தவர் வாசற்படியில் கால் தடக்கி விழுந்தார். இம்முறை முறிந்தது இடுப்புமூட்டோடு சேரும் தொடையெலும்பின் கழுத்து. "நாரி முறிஞ்சிட்டுது" என்று அயலெல்லாம் செய்தி போனது. அதற்குப் பிறகு அம்மம்மா அந்தக் கிணற்றடிக்குப் போகவேயில்லை.

இந்த இரண்டு விழுகைகளுக்கும் நடுவில் கிடந்த ஒன்பது வருடங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பனையிலிருந்து விழுந்தவருக்கும் மோட்டார் சைக்கிளில் மோதுண்டவருக்கும் எலும்பு முறிவது இயல்பு. நின்ற உயரத்திலிருந்து விழுந்த ஒருவருக்கு எலும்பு முறிவது இயல்பே அல்ல. நலமான எலும்பு அந்த அடியைத் தாங்கும். தாங்கவில்லை என்றால், பாசி ஒரு சாட்டு மட்டுமே. எலும்பு அதற்கு முன்பே நொய்ந்துபோயிருந்தது. அம்மம்மாவின் மணிக்கட்டு அதை 61ஆவது வயதிலேயே சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு சொல், இரண்டு நோய்

கேளாமல் போனதற்கு ஒரு காரணம், நாம் பேசும் சொல்லிலேயே இருக்கிறது. முழங்கால் வலித்தால் "எலும்புத் தேய்மானம்" என்கிறோம். முதுகு கூனினாலும் "எலும்புத் தேய்மானம்" என்கிறோம். இவை இரண்டும் வேறு வேறு நோய்கள்.

முழங்காலில் தேய்வது மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு. அது வலிக்கும், வீங்கும், நொண்ட வைக்கும். ஆகவே ஆள் தானாகவே வைத்தியரிடம் போவார். ஒஸ்ரியோபோரோசிஸ் என்ற மற்ற நோயில் எலும்பின் உட்புறம் புரையோடுகிறது. அதற்கு வலி கிடையாது, வீக்கம் கிடையாது, காய்ச்சல் கிடையாது. முறியும் நாள் வரைக்கும் அது வாய் திறப்பதில்லை. இதை "எலும்புப்புரை" என்று சொன்னால் உள்ளே நடப்பது கண்ணில் தெரியும். ஒரே சொல்லில் இரண்டையும் கட்டிவைத்ததால், "எனக்கு முழங்கால் நோ இல்லை, ஆனபடியால் எலும்பு நல்லம்" என்று நம்பி இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

சொல்லுக்கு இவ்வளவு கவனமா என்று கேட்க வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடிய மண் இது. நோய்க்குச் சரியான பெயர் இருந்தால்தான் அதைத் தேடிப் போக முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பனஞ்சிலாகையும் தொடையெலும்பும்

பழைய வீட்டுக் கூரையில் பனஞ்சிலாகையைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய பனையின் வெளிப்புறம் வைரம், இரும்புபோல் இருக்கும். நடுப்பகுதி சோறு, மென்மையானது. நம் எலும்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். வெளியே கெட்டியான உறை. உள்ளே, முக்கியமாக முள்ளந்தண்டிலும் தொடையெலும்பின் தலைப்பக்கத்திலும் மணிக்கட்டிலும், தேன்கூடு போன்ற வலைப்பின்னல். பாரம் எந்தத் திசையில் இறங்குகிறதோ அந்தத் திசைக்கேற்பவே அந்த வலையின் இழைகள் அடுக்கப்பட்டிருக்கும். இதை 1892இல் ஜேர்மனிய அறுவை வைத்தியர் யூலியஸ் வூல்ப் ஒரு விதியாகவே எழுதிவைத்தார்.

பனஞ்சிலாகைக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சிலாகை செத்த மரம். எலும்போ தன்னைத்தானே இடித்து இடித்துக் கட்டிக்கொண்டிருக்கும் உயிருள்ள வீடு. ஒருவகைக் கலங்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும். இன்னொரு வகைக் கலங்கள் அந்தக் குழியில் புதிய எலும்பை நிரப்பும். ஒரு வருடத்தில் நம் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

இங்கேதான் சூட்சுமம். ஓரிடத்தை இடிக்க இரண்டு மூன்று கிழமை போதும். அதே இடத்தைக் கட்டி முடிக்க மாதக்கணக்கில் எடுக்கும். இடிப்பவர்கள் திடீரென்று வேகம் பிடித்தால் கட்டுபவர்களால் எட்டிப்பிடிக்க முடியாது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் நடப்பது இதுவே. அதுவரை இடிப்பவர்களுக்குக் கடிவாளம் போட்டிருந்த ஈஸ்ரோஜன் என்ற ஹோர்மோன் குறைகிறது. அடுத்த ஐந்தாறு வருடங்களில் எலும்புத் திணிவில் ஐந்தில் ஒரு பங்குவரைகூட இழக்கப்படலாம். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க வைத்தியர் ஃபுல்லர் ஆல்பிரைட் இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டும்வரை, பாட்டிமாரின் கூன் முதுமையின் அடையாளமாகவே கருதப்பட்டது.

வலைப்பின்னலில் ஓர் இழை மெலிந்து அறுந்துவிட்டால் அதைத் திரும்ப இணைப்பது கடினம். மிச்ச இழைகளுக்குப் பாரம் கூடும். கறையான் தின்ற சிலாகை வெளியே பார்க்க முழுசாய் இருப்பதுபோல, எலும்பும் வெளித்தோற்றத்தில் மாறாமலே உள்ளுக்குள் வெறுமையாகும்.

இது பெண்களின் நோய் மட்டுமல்ல. உலகளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் மிச்ச வாழ்நாளில் எலும்புப்புரையால் முறிவு ஏற்படும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. செம்மண் தோட்டங்களில் புகையிலை நட்ட ஊர் நமது; சுருட்டு எலும்பைக் கட்டும் கலங்களுக்கும் நஞ்சு. அளவு மீறிய சாராயமும் அப்படியே. முட்டுக்கும் மூட்டுவாதத்துக்கும் மாதக்கணக்கில் ஸ்ரெரொயிட் குளிசை எடுப்பவர்களின் எலும்பு, ஆணோ பெண்ணோ, விரைவாக மெலியும். நீரிழிவுள்ளவர்களுக்கு ஸ்கானில் எலும்பின் அடர்த்தி நன்றாகத் தெரிந்தாலும் முறியும் வாய்ப்புக் கூடவே இருக்கும்.

உளுத்தங்களி சொல்லும் வயது

பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் நம் வீடுகளில் உளுத்தங்களி கிண்டுவார்கள். முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பார்கள். "நாரிக்குப் பலம், குடி பிள்ளை" என்று வற்புறுத்துவார்கள். ஆராய்ச்சிக்கூடம் இல்லாமலே அந்த ஆச்சிமார் வயதைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். ஒருவர் வளர்ந்தபின் கொண்டிருக்கும் எலும்புக் கல்சியத்தில் கால் பங்கு, பதின்ம வயதின் வேகமான வளர்ச்சி நடக்கும் இரண்டே வருடங்களில் சேருகிறது. பெண்பிள்ளைகளுக்கு அது பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில். முப்பதை எட்டும்போது சேமிப்பு உச்சம் தொடும். அதற்குப் பிறகு இருப்பதைக் காக்கலாம். பெரிதாகச் சேர்க்க முடியாது. உளுத்தங்களியில் திருத்த வேண்டியது ஒன்றுதான்: அது சில நாள் சடங்காக நிற்காமல், புரதமும் கல்சியமும் உள்ள சாப்பாடாகப் பல வருடங்கள் தொடர வேண்டும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். போர்க்காலத்தில், 1990இலிருந்து யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையில் பால்மாவும் சீனியும்கூடத் தட்டுப்பாடு. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. அந்த வருடங்களில் பத்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட வயதில் இருந்த பெண்பிள்ளைகளின் எலும்புச் சேமிப்பு, அந்தச் சாப்பாட்டிலிருந்துதான் வந்தது. அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் நிற்கிறார்கள். ஈஸ்ரோஜன் விடைபெறும் வயது. பஞ்ச காலத்தில் நிரப்பிய பெட்டகத்திலிருந்து எடுக்கும் காலம் தொடங்கிவிட்டது. அவர்கள் நம் அக்காமார், சித்திமார், பள்ளிக்கூட ரீச்சர்மார். அவர்களை நினைத்துத்தான் இதை அவசரமாக எழுதுகிறேன்.

அவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. அவர்களின் தாய்மார் உரலில் மாவிடித்தார்கள், வாளி வாளியாய்த் தண்ணீர் அள்ளினார்கள், தோட்டத்தில் புல்லுப் பிடுங்கினார்கள். ஆண்கள் துலா மிதித்து இறைத்தார்கள். தசை இழுக்கும்போதும் பாதம் நிலத்தை மிதிக்கும்போதும் எலும்புக்குள் இருக்கும் கலங்கள் அந்த அழுத்தத்தை உணர்ந்து, "இந்த இடத்தைப் பலப்படுத்து" என்று கட்டளை அனுப்பும். பாரமே இல்லாத விண்வெளியில் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை வீதம் குறைகிறது. துலாவின் இடத்துக்கு மோட்டார் வந்தது, உரலின் இடத்துக்கு மில் வந்தது. அந்தப் பாடு போனது நல்லதே. ஆனால் அந்தப் பாட்டோடு எலும்புக்குக் கிடைத்த பயிற்சியும் போய்விட்டது. அதை நாம் வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும்.

வெயிலும் கேத்திலின் அடியும்

கல்சியம் குடலிலிருந்து உடம்புக்குள் ஏற விற்றமின் டி வேண்டும். அதைத் தோல், வெயிலிலிருந்து தானே செய்யும். கோப்பாய் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் இருக்கிறது. வெயிலுக்கு என்ன பஞ்சம்?

நோர்வே ஆய்வாளர் ஹோகன் மேயரும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்வோரையும் ஒப்பிட்டது. இரத்தத்தில் விற்றமின் டி, ஒஸ்லோவில் சராசரியாக லீற்றருக்கு 31.5 நனோமோல், கண்டியில் 54.2. போதுமானதென்று பொதுவாகக் கொள்ளப்படும் அளவு 50. ஒஸ்லோவில் நிற்கும் நம் உறவுகளுக்கு இது ஓர் எச்சரிக்கை. அங்கே மாரிகாலம் முழுவதும் வெயில் தோலுக்கு எதுவும் செய்வதில்லை, சாப்பாடும் குளிசையும்தான் வழி. ஆனால் கண்டியின் எண்ணையும் கூர்ந்து பாருங்கள். சராசரியே வரம்பை ஒட்டி நிற்கிறது என்றால் பலர் அதற்குக் கீழேதான் இருக்கிறார்கள். கருமையான தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். வீட்டுக்குள்ளேயே நாளைக் கழிக்கும் முதியவர்களுக்கு வெயில் வாசல்வரைதான் வருகிறது. "காலை இளவெயில் நல்லது" என்பார்கள். அது தேகத்துக்கு இதம். விற்றமின் டிக்கு அது போதாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் கையும் முகமும் காலும் வெயிலில் படும்படி சிறிது நேரம் முற்றத்தில் நடப்பதே பயன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடங்கலாம். தோல் எரியவிடக் கூடாது.

கல்சியம் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம், ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு 1,200 வேண்டும். ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 240 கிடைக்கும், தயிரிலும் அப்படியே. பால்மாவின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்களுக்கு நம் குசினியிலேயே மாற்று உண்டு. குரக்கன் மா 100 கிராமில் 340க்கு மேல். முருங்கை இலை 100 கிராமில் 300க்கு மேல். அகத்தியில் அதைவிடக் கூட. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, எள்ளுருண்டை, பயறு, உளுந்து எல்லாமே கணக்கில் சேரும். கருவாடாக இருந்தால் நன்றாக ஊறவிட்டுக் கழுவிச் சமையுங்கள். உப்பு மிஞ்சினால் சிறுநீரோடு கல்சியத்தையும் கூட்டிக்கொண்டு போகும். பசளிக் கீரையில் கல்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஒட்சலேற்று அதைக் கட்டிப்பிடித்து வைத்துக்கொள்ளும். சோறும் இரசமும் போதும் என்று ஒதுங்கும் வயதானவர்களுக்கு முட்டையோ மீனோ பருப்போ தினமும் வைக்க வேண்டும். எலும்பின் சட்டகமே புரதம்தான். வெற்றிலைச் சுண்ணாம்பு எலும்புக்கு நல்லதென்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெற்றிலை பாக்கு வாய்ப் புற்றுநோய்க்குத்தான் வழிகாட்டும்.

நம் கிணற்றுத் தண்ணீரிலும் கல்சியம் இருக்கிறது. குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது அதுவே. தண்ணீரில் கரைந்த கல்சியத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ளும். ஆனால் கிணறு கிணறாக அளவு மாறும்; உரம் போட்ட தோட்டங்களுக்கு நடுவிலுள்ள கிணறுகளில் நைத்திரேற்றும் சேரும். ஆகவே கல்சியத்துக்காகத் தண்ணீரை நம்பியிருக்க வேண்டாம். இந்தத் தண்ணீர் வேறொரு இடத்தில் குறுக்கே வரும். அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

"ஏன் முறிந்தது?" என்று கேளுங்கள்

எலும்பின் அடர்த்தியை டெக்ஸா என்ற ஸ்கான் அளக்கும். மிகக் குறைந்த எக்ஸ்ரே கதிர், சில நிமிட வேலை, வலி எதுவும் இல்லை. இளவயது நலமான எலும்போடு ஒப்பிட்டு ஒரு புள்ளி தருவார்கள். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஒஸ்ரியோபோரோசிஸ் என்று 1994இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது.

ஸ்கான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டாலும் வழியுண்டு. பிரித்தானியாவின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் கேனிஸ் தலைமையில் 2008இல் உருவான ஃபிராக்ஸ் என்ற கணிப்பான், சில கேள்விகளை வைத்து அடுத்த பத்து வருடத்தில் முறிவு ஏற்படும் வாய்ப்பைச் சொல்கிறது. இலங்கையருக்கென்றே அதில் ஒரு வடிவம் உண்டு. எந்த அளவுக்குமேல் போனால் சிகிச்சை தொடங்கலாம் என்ற நம் நாட்டு எல்லைகளை ருகுணு பல்கலைக்கழகப் பேராசிரியர் சரத் லேகம்வசம் 2013இல் வெளியிட்டார். அந்தக் கேள்விகளில் இரண்டைக் கவனியுங்கள். "முன்பு எலும்பு முறிந்திருக்கிறதா?" "தாய்க்கோ தந்தைக்கோ இடுப்புமூட்டு முறிந்ததா?" ஒருமுறை இப்படி முறிந்தவருக்கு அடுத்த முறிவின் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அம்மம்மாவின் மணிக்கட்டு அவருக்கே எச்சரிக்கை. அவருடைய இடுப்புமூட்டு அவரின் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை.

முறிவு எப்போதும் சத்தம் போட்டு வருவதுமில்லை. முள்ளந்தண்டு முறிவுகளில் மூன்றில் இரண்டு, முறிவென்று தெரியாமலே போகின்றன. "வாளி தூக்கினேன், நாரி பிடிச்சிட்டுது" என்று எண்ணெய் பூசிப் படுத்துவிடுவார்கள். சாமித்தட்டில் எட்டிய விளக்கு இப்போது எட்டவில்லையா? சேலைக் கரை நிலத்தில் தட்டுகிறதா? இளவயது உயரத்தில் நாலு சென்ரிமீற்றர் குறைந்திருந்தால் முள்ளந்தண்டு எக்ஸ்ரே ஒன்று கேட்டு வாங்குங்கள். முதுகு நோவுக்குப் பேரப்பிள்ளையை ஏறி மிதிக்கச் சொல்லும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

நோய் உறுதியானால் நல்ல மருந்துகள் இருக்கின்றன. கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் அலென்ட்ரோனேற் குளிசை, இடிக்கும் கலங்களின் வேகத்தை அடக்குகிறது. முன்பே முள்ளந்தண்டு முறிந்த பெண்களிடம் 1996இல் வெளியான பெரிய ஆய்வில், இந்த மருந்து இடுப்புமூட்டு முறிவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. வருடத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலம், 2007இல் வெளியான ஆய்வில் மூன்று வருடத்தில் முள்ளந்தண்டு முறிவை 70 வீதமும் இடுப்புமூட்டு முறிவை 41 வீதமும் குறைத்தது.

குளிசையை எடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. விடிய வெறுவயிற்றில், ஒரு தம்ளர் வெறுந்தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணித்தியாலம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. தேத்தண்ணியும் பாலும் அதற்குப் பிறகுதான். குளிசை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். கல்சியம் மிகுந்த கனிம நீரோடு எடுக்கக் கூடாது என்பதும் இந்த மருந்தின் விதி. கல்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. கேத்திலில் வெள்ளை படியும் ஊரில் இது நமக்கென்றே எழுதிய விதி. கொதிக்கவைத்து ஆறவிட்டு மேலால் தெளிவாக இறுத்தெடுத்த தண்ணீரில் அந்த ஒரு தம்ளரை எடுங்கள். கல்சியக் குளிசையை வேறொரு நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். மருந்து தொடங்க முன் பல் வைத்தியரைப் பார்த்துவிடுவதும் சிறுநீரகத்தைச் சோதிப்பதும் நல்லது. தாடையெலும்பில் பாதிப்பு, தொடையெலும்பில் வழமைக்கு மாறான முறிவு என்ற அரிதான பக்கவிளைவுகளைக் கேள்விப்பட்டு மருந்தைத் தானாக நிறுத்துபவர்கள் உண்டு. வைத்தியர் சொல்லாமல் நிறுத்தவேண்டாம். தடுக்கப்படும் முறிவுகள் அந்த அரிய விளைவுகளைவிடப் பன்மடங்கு.

படலை முதல் படுக்கை வரை

மெலிந்த எலும்பும் விழுந்தால்தான் பெரும்பாலும் முறிகிறது. 65 வயதைக் கடந்தவர்களில் மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார் என்பது பல நாடுகளின் அனுபவம். 2012 கணக்கெடுப்பிலேயே இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் நிற்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் அம்மாமார் நம் ஒழுங்கைகளில் எத்தனை பேர்! வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசில் முதல் வேலையாக இந்த வீட்டுவேலைகளைச் செய்யுங்கள்.

கிணற்றடியும் குளிக்கும் இடமும் முதல். மாரி தொடங்க முன்னும் மாரி முழுக்கவும் பாசியைத் தேய்க்க வேண்டும். சீமெந்தைச் சொரசொரப்பாகப் பூச வேண்டும். பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி ஒன்று, குந்திக் குளிக்காமல் இருந்து குளிக்க ஒரு கதிரை. கழிப்பறை வெளியே இருந்தால் படுக்கையிலிருந்து அங்கே போகும் வழி முழுவதும் விளக்கு. மின்சாரம் நின்றால் எடுக்கத் தலைமாட்டில் ரோர்ச். வாசற்படியின் விளிம்புக்கு வெள்ளைப் பூச்சு. சுருளும் கால்மிதியைத் தூக்கி எறியுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்புக்குப் பதில் குதிக்குப் பின்னால் வார் உள்ள செருப்பு. குசினியில் அன்றாடம் தேவைப்படும் போத்தல்களை இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். ஸ்ரூலில் ஏறுவதை நிறுத்துங்கள்.

குனிந்து முறுகிப் பாரம் தூக்குவது முள்ளந்தண்டுக்கு எதிரி. நிறைவாளிக்குப் பதில் அரைவாளி. வீட்டுக்குள் நிமிர்ந்து நின்று கூட்டத் தும்புத்தடி; முற்றத்து ஈர்க்குக் கட்டுக்கும் ஒரு நீளத் தடி கட்டலாம். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவுவதற்குப் பதில் மேசையில் பூட்டும் துருவி. நித்திரைக் குளிசையும் சில பிரஷர் குளிசைகளும் எழும்பும்போது தலைசுற்ற வைக்கும், வைத்தியரிடம் சொல்லுங்கள். கண்ணில் வெண்படலம் இருந்தால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். பொல்லுப் பிடிப்பதில் வெட்கம் எதற்கு? பொல்லு பிடித்து நடப்பவர் நடந்துகொண்டிருக்கிறார்.

உடற்பயிற்சி விழுகையைத் தடுக்கும் மருந்து. சமநிலையும் கால்பலமும் தரும் பயிற்சிகள் விழுகைகளை ஏறத்தாழக் கால் பங்கு குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருங்கள். மேசையைப் பிடித்தபடி குதியை உயர்த்தி இறக்குங்கள். ஒற்றைக்காலில் பத்து விநாடி நில்லுங்கள். கோயிலுக்கு நடந்து போங்கள். சைக்கிள் இதயத்துக்கு நல்லது. ஆனால் எலும்புக்கு, நிலத்தை மிதிக்கும் நடையே கூடிய நன்மை.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதைக் கடந்த பெண்களுக்கானவை. பிரஷரும் சீனியும் பார்க்கப் போகும் அன்று, உயரத்தையும் அளந்து குறித்து வையுங்கள். எலும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

விழுந்துவிட்டால்

விழுந்தவரின் ஒரு கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது இடுப்புமூட்டு முறிவாக இருக்கவே வாய்ப்பு. தூக்கி நிறுத்தவோ இழுக்கவோ எண்ணெய் போட்டு உருவவோ வேண்டாம். அசையாமல் வைத்து 1990ஐ அழையுங்கள். 2018 ஜூலையிலிருந்து அந்த இலவச அம்புலன்ஸ் சேவை யாழ்ப்பாணத்திலும் ஓடுகிறது. நம் முறிவு நெரிவுப் பரியாரிமாரின் கைகள் எத்தனையோ கை கால்களைச் சேர்த்திருக்கின்றன. ஆனால் தொடையெலும்பின் கழுத்து, புக்கைக் கட்டில் சேராது. அதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும். இரண்டு நாளுக்குள் செய்தால் விளைவு நல்லது. இடுப்புமூட்டு முறிந்தவர்களில் ஐவரில் ஒருவரளவில் ஒரு வருடத்துக்குள் இறந்துபோவதை உலகின் பல நாடுகளில் காண்கிறோம். படுக்கையில் கிடப்பதே காரணமாகி நிமோனியாவும் படுக்கைப்புண்ணும் இரத்தக்கட்டியும் வருகின்றன. ஆகவே சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாளே எழுப்பி நடக்க வைக்கப் பார்ப்பார்கள். "பாவம், நோகுது, படுக்கட்டும்" என்று நாம் காட்டும் இரக்கம் அவருக்கு உதவாது.

போன வருட மாரியில் என் அம்மாவும் விழுந்தார். அவருக்கு 63. அதே வலக்கை, அதே மணிக்கட்டு. பிளாஸ்ரர் போட்டு வந்தபின், "வயசு போனா விழுறதுதானே" என்று அம்மாவே சொன்னார். "இல்லையம்மா, ஏன் முறிஞ்சது எண்டு கேட்பம்" என்றேன். வைத்தியர் கேட்ட கேள்விகளில் அம்மம்மாவின் இடுப்புமூட்டும் வந்தது. அம்மா தலை குனிந்து, "ஓம், முறிஞ்சது" என்றார். ஸ்கானின் புள்ளி மைனஸ் 2.5க்கும் கீழே போயிருந்தது.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் விடிய, ஆறவைத்த ஒரு தம்ளர் தண்ணீரோடு அம்மா குளிசையை விழுங்குகிறார். அடுத்த அரை மணித்தியாலம் படுக்கக் கூடாதல்லவா? முற்றத்தில் நந்தியாவட்டைப் பூப் பிடுங்குகிறார். பிறகு கிணற்றடிக்குப் போய், புதிதாகச் சொரசொரப்பாய்ப் பூசிய சீமெந்தில் நின்று, கிணற்றுக்கட்டை ஒரு கையால் பிடித்தபடி ஒற்றைக் காலைத் தூக்குகிறார். பத்து எண்ணி முடித்து, மற்றக் காலுக்கு மாறுகிறார்.